செவ்வந்தியோடு ஸ்பெயினுக்குப் போனவர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் பத்து வயதிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் வந்துவிட்டது. அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் கடிதம், அரிசிக் கூப்பன் விண்ணப்பம், கொழும்பில் இருக்கும் மகனுக்குத் தாய் எழுதவேண்டிய பதில், எல்லாம் என்னிடம்தான் வரும். "உனக்கு இது தெரியுமோ?" என்று அயலில் யாரும் கேட்டதில்லை. நேரே கடதாசியை நீட்டுவார்கள். நானும் தெரியாது என்று சொன்னதில்லை. யாரையாவது விசாரித்து அரை மணித்தியாலத்தில் தெரிந்தவனாகிவிடுவேன். சிட்னிக்கு நான் கொண்டுவந்த சாமான்களில் இந்தப் பழக்கமும் ஒன்று.

எழுபதுகளின் நடுப்பகுதியில் அங்கே மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் ஒரு சிறிய பயண முகவர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி, ஒரு தட்டச்சுப் பொறி, சுவரில் விமானக் கம்பனிகள் இலவசமாகக் கொடுத்த படங்கள், நான். அவ்வளவுதான் அலுவலகம். முதலாளிக்கு டிக்கெட் விற்கத் தெரியும், எழுதத்தான் பஞ்சி, சோம்பல். ஆகவே பயணிகளுக்குக் கொடுக்கும் ஆலோசனைக் குறிப்புகளை என் தலையில் கட்டிவிட்டார். பிஜி, இத்தாலி, இங்கிலாந்து என்று ஒன்றையும் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கடவுச்சீட்டின் இலக்கத்தைத் தனியாக ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் வைக்கச் சொல்லியிருந்தேன். ரோமில் கைப்பையைப் பறிகொடுத்த ஒரு பெண் அந்தத் தாளைக் காட்டித்தான் இரண்டே நாளில் புதுக் கடவுச்சீட்டு எடுத்தார். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் ஓய்வுபெற்ற ரயில் கார்ட் ஒருவர் வந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன். அந்த மகன் லண்டனுக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு ஸ்பானியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளுடைய ஊருக்கே போய் அவளுடைய தாய் வீட்டில் குடியேறிவிட்டான். ஸ்பெயினின் வடமேற்கில் ஒரு சின்னப் பட்டணம். கல்யாணச் செய்தி வந்ததும் இவர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதில் என்ன எழுதினார் என்பதை அவர் சொல்லவில்லை. "எழுதியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன்பின் நாலு வருடம் பேச்சில்லை. இப்போது ஒரு பேரப்பிள்ளையின் படம் தபாலில் வந்திருக்கிறது, கூட ஒரு வரி எழுத்தும் இல்லை. இவர் உடனே ஒக்டோபர் கடைசியில் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டார்.

எந்த நாள் என்று மகனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் அறிவிக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். நாள் தெரிந்தும் மகன் ரயிலடிக்கு வராமல் விட்டால் அதைத் தாங்கமாட்டாராம். தெரியாததால் வரவில்லை என்றால் தாங்கலாமாம். தானே தேடிப் போய்க் கதவைத் தட்டுவார். திறந்தவர்கள் உள்ளே விட்டால் போவார், இல்லாவிட்டால் அடுத்த ரயிலைப் பிடிப்பார்.

"ரயிலை நானே பார்த்துக்கொள்வேன். அந்த வீட்டுக்குள்ளே எப்படி நடந்துகொள்வது என்று எழுதித் தா" என்றார்.

இதைத்தான் அவர் காசு கொடுத்து வாங்க வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. இரண்டு நாளில் தருகிறேன் என்றேன்.

எனக்கு ஸ்பெயின் தெரியாது என்று யார் சொன்னது? நான் குடியிருந்ததே ஒரு ஸ்பானிய வீட்டின் பின்னறையில். வீட்டுக்கார அம்மா அதே வடமேற்குப் பக்கத்தைச் சேர்ந்தவர். புருஷனும் அவரும் வில்லாவுட் குடியேறிகள் விடுதியில் சில மாதம் இருந்துவிட்டு, உழைத்து, இந்த வீட்டை வாங்கியிருந்தார்கள். சமையலறையை நாங்கள் குசினி என்போம், அவரும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்வார். மேசை, சப்பாத்து, கதிரை எல்லாம் அப்படியே. போர்த்துக்கேயன் எங்கள் ஊரில் போட்டுவிட்டுப் போன சொற்கள் அவருடைய வாயிலிருந்து வருவதைக் கேட்டுக் கேட்டு, பாதி ஸ்பெயின் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்ற தைரியம் வந்திருந்தது.

இரண்டு பின்னேரம் அவருக்கு உருளைக்கிழங்கு சீவிக் கொடுத்தபடி விசாரித்தேன். அவர் சொன்னதையெல்லாம் குறித்து, இரண்டு பக்கமாகத் தட்டச்சுச் செய்தேன். மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு முந்தி இல்லை, இராச் சாப்பாடு ஒன்பதரைக்குப் பிறகு. ஆகவே ஆறு மணிக்குப் பசிக்கிற அவுஸ்திரேலிய வயிற்றுக்குப் பையில் பிஸ்கட் வைத்திருங்கள், பசித்த முகத்தோடு குசினியை எட்டிப் பார்க்காதீர்கள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை கடைகள் பூட்டு. வேண்டியதைக் காலையில் வாங்குங்கள். கடைக்குள்ளே போனால் முதலில் வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு சாமானைக் கேளுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் உங்களை மரக்கட்டை என்று நினைப்பார். பெண்கள் இரண்டு கன்னத்திலும் முத்தமிடுவார்கள், பின்வாங்கவேண்டாம். சாப்பிட்டு முடிந்ததும் எழும்பாதீர்கள், மேசையில் இருந்து கதைப்பதுதான் அங்கே சாப்பாட்டின் மிச்சப் பாதி. நாட்டை நெடுங்காலம் ஆண்ட சர்வாதிகாரி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி அவர்கள் கதைத்தாலும் நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவர் தன் சாப்பாட்டைப் பிரித்து உங்களிடம் நீட்டினால் அது மரியாதைக்கு. முதல் தடவை நன்றி சொல்லி மறுங்கள், விடாமல் நீட்டினால் எடுங்கள்.

ரயில் பகுதியை மட்டும் கார்ட் தானே திருத்தினார். மட்ரிட்டிலிருந்து வடமேற்கே போகும் பகல் ரயில் எந்த நிலையத்திலிருந்து புறப்படும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதையெல்லாம் என் புத்தகத்தைப் பார்த்து என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் போய்ச் சேரும்.

நாலு மணி என்றால் கடைகள் பூட்டியிருக்கும். சம்பந்தி வீட்டுக்கு முதல் முறையாக வெறுங்கையோடு போக முடியுமா? இதை யாரிடமும் விசாரிக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நானே எழுதினேன்: மட்ரிட்டில் ரயில் ஏற முந்தியே பூ வாங்கிவிடுங்கள். காம்பை ஈரக் கடதாசியில் சுற்றுங்கள். செவ்வந்தி வாங்குங்கள், எட்டு மணித்தியாலப் பயணத்திலும் வாடாது. மஞ்சள் நல்லது, வெள்ளையும் பரவாயில்லை. எவ்வளவு பெரிய கட்டோ அவ்வளவு மரியாதை.

கார்ட் அதைப் படித்துத் தலையாட்டினார். அன்னையர் தினத்துக்கு இங்கே எல்லோரும் தாய்க்குக் கொடுப்பது அந்தப் பூத்தானே என்றார். தன் மனைவிக்கு மகன் சின்ன வயதில் வாங்கிக் கொடுத்ததும் அதுவாம். எனக்கு இன்னும் உற்சாகமாகிவிட்டது. எங்கள் ஊரில் கல்யாண மாலையிலும் கோயில் படியிலும் இருக்கிற பூ, இவர்கள் ஊரில் தாய்க்குக் கொடுக்கிற பூ, பிறகென்ன? தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் போனார். அடுத்த திங்கட்கிழமை லண்டனுக்கு விமானம் ஏறினார். அங்கே தன் தங்கை வீட்டில் சில நாள் இருந்துவிட்டு மட்ரிட்டுக்குப் போவது ஏற்பாடு.

புதன்கிழமை பின்னேரம் குசினியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். வீட்டுக்கார அம்மா, நான், என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை. அண்ணை படம் வரையும் வேலையில் இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு தனிச் சுகம். நான் தாளின் பிரதியைக் கொண்டுவந்திருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிப்பது கஷ்டம், ஆகவே நானே உரத்து வாசிக்கத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், பாராட்டுக் கேட்கத்தான் வாசித்தேன்.

"நீ எப்ப ஸ்பெயினுக்குப் போட்டு வந்தனீ?" என்றார் அண்ணை.

"போகேல்லை. அதுக்கென்ன இப்ப?"

"இல்லை, வாசிக்கிற வாசிப்பைப் பார்த்தால் அங்கை காணி வேண்டி வேலியும் அடைச்ச ஆள் மாதிரிக் கிடக்கு. வாசி, வாசி."

பிஸ்கட் பகுதிக்கு அம்மா சிரித்தார். சாப்பிட்ட பின் எழும்பாதே என்ற இடத்தில் மேசையைத் தட்டினார். பூப் பகுதிக்கு வந்தேன். ஆங்கிலப் பெயர் அவருக்கு விளங்காமல் எந்தப் பூ என்று கேட்டார். அண்ணை அதை ஒரு கடதாசியில் வரைந்து நீட்டினார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த வீட்டில் யார் செத்தது, இஹோ?" என்று கேட்டார். இஹோ என்றால் மகன். எங்கள் இரண்டு பேரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

யாரும் சாகவில்லை என்றேன். அப்படியென்றால் ஏன் இந்தப் பூ என்றார். பிறகு மெல்ல மெல்ல, தன் துண்டு துண்டான ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். நவம்பர் முதலாம் தேதி அவருடைய நாட்டில் எல்லோரும் கல்லறைக்குப் போவார்கள். எல்லோர் கையிலும் இந்தப் பூத்தான். வருடத்தின் மற்ற நாட்களிலும் அது செத்தவர்களின் பூ. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை பிறந்த வீட்டுக் கதவை யாரும் தட்டமாட்டார்கள். அதுவும் அந்த மனிதர் போய்ச் சேர்வது முதலாம் தேதிக்கு இரண்டு நாள் முந்தி. மட்ரிட்டில் இந்த வாரம் வேறு பூ வாங்கவேண்டுமென்றாலும் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

அண்ணை சிரிக்கவில்லை. அதிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது.

நாலு வருடத்துக்கு முந்தி ஒரு கெட்ட கடிதம். இப்போது அதே ஆள், சொல்லாமல் கொள்ளாமல், செத்த வீட்டுப் பூவோடு வாசலில். அந்தப் பெண்ணின் தாய் என்ன நினைப்பாள்? தெரியாததை விசாரித்து எழுதுகிறவன் நான். தெரியும் என்று நினைத்த இடத்தில் விசாரிக்காமல் விட்டுவிட்டேன்.

லண்டன் தங்கையின் முகவரி எங்களிடம் இல்லை. அவசரத்துக்கு அறிவிக்க என்று படிவத்தில் கார்ட் எழுதியிருந்தது மகனின் பெயரையும் அந்தப் பட்டணத்து முகவரியையும்தான். அங்கே தந்தி அடிக்கலாம். ஆனால் அடித்தால் நாள் தெரிந்துவிடும்.

"சொல்லாதை எண்டு அந்த மனுசன் வாய்விட்டுச் சொன்னதெல்லே? அவரின்ரை மானம் அது. நீ ஆர் அதிலை கை வைக்க?" என்றார் அண்ணை.

"பூவை ஆர் வாங்கச் சொன்னது? நான்தானே."

"பூப் பிழைச்சால் ஒரு நாள் கோவம். மகன் வராமல் விட்டால்? அதை எப்பிடித் தாங்குவார்?"

வீட்டுக்கார அம்மாவிடம் எங்கள் வாக்குவாதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. ஒரு தகப்பன் இந்தத் தூரம் வந்து இறங்கும்போது ரயிலடியில் ஆள் இல்லாமல் இருப்பதா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் ஊரில் பக்கத்துப் பட்டணத்திலிருந்து வருகிற ஆளுக்கே ரயிலடியில் இரண்டு பேர் நிற்பார்கள். நான் டிக்கெட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் ஆலோசனை எழுதினேன். அவர் இறங்கித் தனியாக நிற்கப்போகிறார் என்பதை மட்டும் ஒரு வாடிக்கையாளரின் விருப்பம் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை தபாற்கந்தோர் திறக்கும்போது வாசலில் நின்றேன். முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், வாடிக்கையாளர் சொன்ன இரகசியத்தை வெளியே விடுகிற முகவரிடம் யார் வருவார்கள் என்பார். அது நியாயமும்தான். ஆகவே கேட்கவில்லை. தந்திப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: "உங்கள் தகப்பன் சனி நாலு மணி மட்ரிட் ரயிலில் வருகிறார். கையில் பிழையான பூ இருக்கும். பிழை என்னுடையது. தயவுசெய்து ரயிலடிக்குப் போகவும். பயண முகவர்." கந்தோர்ப் பெண் இரண்டு தரம் வாசித்துவிட்டு, சொற்கள் சரிதானா என்று கேட்டாள். சரி என்றேன்.

சனிக்கிழமை வந்தது, போனது. நவம்பர் முழுவதும் ஒரு செய்தியும் இல்லை. அஞ்சலட்டை அனுப்புகிற ஆள் அல்ல அவர். தந்தி போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியவில்லை. இதற்கிடையில் ஸ்பெயின் தாளைத் திருத்தி எழுதினேன். பூ என்றால் எந்தப் பூ கூடாது, பூவை விட ஒரு பெட்டி கேக் ஏன் நல்லது, கடையில் அதைக் கட்டி நாடா போட்டுத் தரச் சொல்வது எப்படி என்று ஒரு பந்தியே சேர்த்தேன். ஒவ்வொரு வரியையும் வீட்டுக்கார அம்மா ஒப்புக்கொண்ட பிறகுதான் தட்டச்சுச் செய்தேன். அது இன்றுவரைக்கும் நல்ல தாள். அதை வைத்துக்கொண்டு போன எவரும் முறைப்பாட்டோடு திரும்பி வந்ததில்லை.

ஜனவரியில் ஒரு நாள், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, கார்ட் உள்ளே வந்தார். என் முன்னால் இருந்த கதிரையில் இருந்தார். முதலாளி உள்ளறையில் தொலைபேசியில் இருந்தது என் நல்ல காலம்.

"சொல்லவேண்டாம் என்றுதானே உன்னிடம் சொன்னேன்" என்றார்.

ஓம், சொன்னீர்கள் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தானே தொடங்கினார்.

மட்ரிட்டில் எங்கே பார்த்தாலும் செவ்வந்திதானாம். என்னைப் பாராட்டிக்கொண்டே, தன்னால் தூக்கக்கூடிய மிகப் பெரிய கட்டாக வாங்கியிருக்கிறார். ரயிலில் ஏறியதும் ஒருவர் எழும்பி யன்னல் ஓர இருக்கையைக் கொடுத்தாராம். எதிரே இருந்த கிழவி ஏதோ சொல்லி இவருடைய கையைத் தடவிக் கொடுத்தாளாம். இவர் தாளில் இருந்தபடி தலையாட்டி நன்றி சொன்னாராம். ஒரு மத்திய வயது ஆள் தன் சாப்பாட்டைப் பிரித்து நீட்ட, இவர் மறுக்க, அந்த ஆள் கண் கலங்கி மறுபடி நீட்டினாராம். டிக்கெட் பார்க்க வந்த கார்ட் தொப்பியைக் கழற்றினாராம். "முப்பது வருடம் ரயிலில் இருந்தேன், இப்படி அன்பான பயணிகளை நான் கண்டதில்லை. இதுதான் ஸ்பெயின் என்று நினைத்தேன்" என்றார். எட்டு மணித்தியாலமும் ஒரு பெட்டி முழுக்க இவருக்காகத் துக்கம் காத்திருக்கிறது. இவர் புன்சிரிப்போடு இருந்திருக்கிறார்.

நாலு மணிக்கு இறங்கினார். மகன் நின்றான், கையில் என் தந்தி. முதலில் தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லையாம், பூவைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாலு வருடத்துக்குப் பிறகு மகன் சொன்ன முதல் வார்த்தை, "யாரப்பா உங்களை இதை வாங்கச் சொன்னது?" என்பதுதான். மெரிலேண்ட்ஸில் ஒரு சிலோன்காரப் பெடியன் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

சம்பந்தி அம்மா பூவை வாசற்படி தாண்ட விடவில்லை. மாடிப்படியில் ஒரு வாளித் தண்ணீரில் வைத்தாளாம். திங்கட்கிழமை கல்லறைக்குப் போகும்போது இவரையே அதைத் தூக்க வைத்து, தன் புருஷனின் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம். நல்ல பூ என்று ஒப்புக்கொண்டாளாம்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பேனாவை எடுத்து உருட்டினார். பிறகு, நாலு வருடத்துக்கு முந்தி எழுதிய அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். மகன்தான் அதை வாசித்திருப்பான், மனைவிக்கு மொழிபெயர்க்கும்போது நல்லதாக நாலு சொல் போட்டு மூடியிருப்பான் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தாராம். போன இரண்டாம் நாள் குசினியில் மருமகள் வாய் திறந்தபோதுதான் தெரிந்தது, லண்டனில் ஆறு வருடம் வேலை செய்தவளுக்கு ஆங்கிலம் தன்னைப்போலவே வருமென்று.

"அதை நான்தான் வாசித்தேன் என்றாள். இரண்டு தரமாம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"முட்டாள்தனமாக எழுதினேன் என்றேன்."

"அதற்கு மருமகள்?"

"ஓம் என்றாள்" என்றார். "அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு அதை இறக்கப் போனாள்."

முதலாளி உள்ளறையிலிருந்து வெளியே வந்து, என்ன வேண்டும் என்று அவரைக் கேட்டார். ஏப்ரலில் ஒரு டிக்கெட், மட்ரிட்டுக்கு, என்றார் கார்ட். நான் படிவத்தை எடுத்தேன். திரும்பும் தேதி என்ன என்று கேட்டேன். அதை மருமகள்தான் சொல்லவேண்டும், இப்போதைக்கு வெறுமையாக விடு என்றார்.